நந்தன் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார்

ஒருவர் பாடிய பல பாடல்களுள் தமக்கு உவந்தன சிலவற்றைத் தெரிந்தெடுத்து, ஒரு கோவையாக்கி வைத்துக்கொள்ளுதல் நம் நாட்டில் நெடுநாளாய் நிலவிவரும் வழக்கமாகும். மூவர் அருளிய தேவாரப் பதிகங்கள் எழுநூற்றுக்கு மேற்பட்டன. அவை அனைத்தையும் நாள்தோறும் ஓத இயலாதார் பொருட்டு, அவற்றினின்று 25 பதிகங்களைத் தெரிந்து அகத்தியர் தேவாரத் திரட்டு என ஒன்று வகுத்து வைத்தனர் முன்னோர். இக்காலத்து இளைஞர் அத்தொழிலையே வேறோர் உருவிற் செய்கின்றனர். தமக்கு விருப்பமான இசைவாணர் ஒருவருடைய பாட்டுக்களுள் பத்தோ பதினைந்தோ தெரிந்து, கைப்பேசியில் ஒரு வரிசையாக அமைத்துக்கொண்டு, செல்லுமிடமெல்லாம் கேட்டு மகிழ்கின்றனர்.

இது தீங்கற்ற இன்பமே. ஆயினும் இதில் ஒரு பொறுப்பும் உண்டு. தொகுப்பவர் எதனைக் கொள்கின்றார், எதனை விடுகின்றார் என்பதைப் பொறுத்தே அவ்விசைவாணர் பிறர் உள்ளத்தில் இன்னார் என நிலைபெறுகின்றனர். முழு நூலும் மறைந்து, தெரிந்தெடுத்த சில பாட்டுக்களே எஞ்சி நிற்குமாயின், பாடியவர் தாம் கருதாத ஓர் உருவத்தைப் பெற்றுவிடுதலும் கூடும். இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குபவர் கோபாலகிருஷ்ண பாரதியார். மார்கழித் திங்களில் தேனாம்பேட்டையையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் சார்ந்த இசையரங்குகளில் அவருடைய பாட்டு ஒன்றேனும் ஒலியாத நாள் அரிது. அங்ஙனமிருந்தும் அவர் இயற்றிய பெருநூலை முதலிலிருந்து முடிவுவரை கேட்டவர் மிகச் சிலரே. ஆதலின் அவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

பாரதியார் 1810-ஆம் ஆண்டையொட்டி நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் என்னும் ஊரிற் பிறந்தவர். தந்தையார் பெயர் இராமசாமி பாரதியார். அவர் குடும்பத்தார் வழிவழியாக இசைப்பயிற்சி உடையவர்கள். முடிகொண்டான் என்னும் ஊரின் தொடர்பால் இவரை முடிகொண்டான் பாரதியார் என வழங்குதலும் உண்டு. இளமையிலேயே பெற்றோரை இழந்த இவர், பின்னர் மாயூரத்துக்கு வந்து ஆங்கிருந்த துறவி ஒருவரை அடுத்து, யோக நெறியையும் அத்துவைத நூற்கருத்துக்களையும் பயின்றார். இல்லறத்தில் தலைப்படாது, வாழ்நாள் முழுதும் பிரமசாரியாகவே இருந்தார்.

மாயூரத்துக்கு அணித்தாகவுள்ள ஆனந்ததாண்டவபுரம் இவருக்கு உறைவிடமாயிற்று. அவ்வூரில் நிலவளம் மிக்க அண்ணுவையர் என்பவர் இவருடைய அருமையறிந்து ஆதரித்து வந்தார். உணவுக்கும் உடைக்கும் கவலையின்றி, சிவபூசை செய்வதும், தில்லைக் கூத்தப்பெருமானைப் பாடுவதும், கதை சொல்வதுமாகப் பாரதியார் காலங்கழித்தார்.

இசைப்பயிற்சி

அக்காலத்துச் சங்கீத வித்துவான்கள் பெரும்பாலும் ஓர் ஆசிரியரிடத்துப் பல்லாண்டு குருகுலவாசம் செய்து, அவ்வாசிரியரின் வழியினர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை பெற்றவர்கள். பாரதியாருக்கு அத்தகைய உரிமை வாய்க்கவில்லை. அவர் பல இடங்களிற் பலரிடம் கேட்டும் கண்டும் கற்றவர். திருவிடைமருதூரில் இருந்த மராட்டிய அரச குடும்பத்தாரின் அவையில் இராமதாசர் என்னும் இந்துஸ்தானி வித்துவான் ஒருவர் இருந்தனர். அவரை அடுத்துப் பாரதியார் வடநாட்டு இசையைப் பயின்றார். அவ்வவையோடு தொடர்புடைய கனம் கிருஷ்ணையரின் பாட்டையும் கேட்டு, கனமார்க்கம் என்னும் அரிய முறையின் சிறப்பை உணர்ந்தார். தெருவில் பாடப்படும் சிந்தும் கண்ணியும், பஜனை மடங்களில் ஒலிக்கும் நாமாவளிகளும் அவருக்குப் பாடமாயின.

திருவையாற்றுக்குச் சென்று தியாகராஜ சுவாமிகளை அவர் கண்டதாக ஒரு வரலாறு வழங்குகின்றது. அங்கு மாணவர்கள் ஆபோகி இராகத்தில் சுவாமிகளின் கீர்த்தனை ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தனர் என்றும், அவ்விராகத்தில் பாரதியார் ஏதேனும் இயற்றியதுண்டோ என்று சுவாமிகள் வினவினர் என்றும், பாரதியார் அப்பொழுது மறுமொழி கூறாது சென்று, மறுநாளே தில்லைச் சபாபதியின்மேல் அவ்விராகத்தில் தமிழ்க் கீர்த்தனை ஒன்றை இயற்றிவந்து பாடினர் என்றும் கூறுவர். தெலுங்குக் கீர்த்தனைகளே உயர்ந்தன எனக் கொள்ளப்பட்ட ஒரு காலத்தில், தமிழில் அதற்கு ஈடாக ஒன்று பாடிக்காட்ட வேண்டுமென்னும் வேட்கை பாரதியாருக்கு இருந்தது என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

இவ்வாறு சங்கீத வித்துவான்களின் கூட்டத்திலும் முற்றும் சேராது, இலக்கணப் புலவர்களின் கூட்டத்திலும் சேராது, இரண்டிற்கும் புறத்தே நின்றவர் பாரதியார். இந்நிலை அவருக்குக் குறையாகவும் இருந்தது, பேறாகவும் அமைந்தது. குறையானவாற்றைப் பின்னர்க் கூறுவோம்.

நந்தன் சரித்திரம்

திருநாளைப்போவார் என்னும் நந்தனாரைச் சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் ஒரு தொடராற் குறித்தார். நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டால் விரித்தார். சேக்கிழார் பெருமான் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பெரியபுராணத்தில் 37 செய்யுட்களால் அவர் வரலாற்றை அமைத்தார். அப்புராணத்தின்படி, நந்தனார் ஆதனூர்ப் புலைப்பாடியிற் பிறந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும், யாழ்க்கு நரம்பும் உதவிவந்தவர். திருப்புன்கூரில் தமக்கு மறைப்பாக இருந்த நந்தி விலகப்பெற்றவர். தில்லைக்கு நாளைப் போவேன் என்று பலநாள் ஏங்கி, முடிவில் ஆங்குச் சென்று தீயில் மூழ்கி வேதிய முனிவராய் எழுந்து இறைவனடி சேர்ந்தவர். அவரைத் தடுத்து நின்ற ஆண்டை ஒருவரும் அப்புராணத்தில் இல்லை. தம் குலத்தை எண்ணித் தாமே தயங்கி நின்றார் என்பதே சேக்கிழார் கூறுவது.

பாரதியார் இக்கதையிற் புதுவதாக ஒரு மாந்தரைப் படைத்தார். அவரே ஆதனூர் வேதியர். நந்தன் அவருடைய நிலத்தில் உழைக்கும் பண்ணையாள். மார்கழித் திருவாதிரைக்குத் தில்லை சென்று வர விடைவேண்டும் என்று நந்தன் கெஞ்சுகின்றான்; வேதியரோ வைது துரத்துகின்றார். பின்னர் நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்தாற் போகலாம் என்று செய்தற்கரிய கட்டளை ஒன்றை இடுகின்றார். இறைவன் அருளால் ஓரிரவில் நிலமெல்லாம் விளைந்து நிற்கின்றது. அதனைக் கண்ட வேதியர் நடுங்கி, தம் அடியாளின் அடியிலே விழுகின்றார். சேரியிலுள்ள முதியவர்களும் கதையில் வருகின்றனர். கருப்பனையும் வீரனையும் வழிபடும் அவர்கள், நந்தன் நடை நமக்கு ஆகாது என்று அவனோடு வழக்கிடுகின்றனர்.

இவை வெறுங்கற்பனை என்று தள்ளத் தக்கன அல்ல. பாரதியார் வாழ்ந்த தஞ்சை நாட்டிற் காவிரி பாயும் வயல்கள் பெரும்பாலும் மிராசுதாரர்களின் உடைமையாக இருந்தன. சேரி மக்கள் பரம்பரை பரம்பரையாக அந்நிலங்களோடு பிணிக்கப்பட்டிருந்தனர். 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்கு நீதிமன்றங்களின் துணையை நீக்கியது. எனினும் கடனும் பசியும் பழக்கமும் சேர்ந்து பண்ணையாளைப் பழைய இடத்திலேயே நிறுத்தி வைத்தன. ஆனந்ததாண்டவபுரத்து மிராசுதாரர் ஒருவரின் ஆதரவில் வாழ்ந்த பாரதியாருக்கு ஆண்டையின் மொழியும் ஆளின் மொழியும் நாள்தோறும் செவியில் விழுந்திருத்தல் வேண்டும். சட்டம் பிறந்து இருபதாண்டு நிறையுமுன் அவர் பாடிய நூலில் அவ்விரு மொழிகளும் உயிரோடு ஒலிக்கின்றன. அந்தணர் குலத்திற் பிறந்த ஒருவர், அந்தண ஆண்டையின் வன்மையை அவ்வளவு வெளிப்படையாகப் பாடியது எளிய செயலன்று.

பாட்டின் உருவிலும் இப்புதுமை விளங்குகின்றது. உயர்ந்த இராகங்களில் அமைந்த கீர்த்தனைகளோடு விருத்தமும், கண்ணியும், நொண்டிச்சிந்தும், இருசொல்லலங்காரமும் அந்நூலில் விரவிவருகின்றன. அரங்கில் இருப்போருக்கும் வயலில் நிற்போருக்கும் ஒருங்கே பொருள் விளங்கவேண்டும் என்பது அவர் கருத்துப்போலும். இருதிறத்தார்க்கும் புறத்தே நின்றமையால் விளைந்த பேறு இதுவே.

அரங்கேற்றமும் அச்சும்

நந்தன் சரித்திரத்தைப் பாரதியார் தாமே ஊர்தோறும் கதையாகச் சொல்லிவந்தனர். நாகப்பட்டினத்தில் அதனைக் கேட்டவர் பலர் உருகிப் பாராட்டினர். காரைக்கால் அப்பொழுது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. ஆங்கு உத்தியோகம் வகித்த சீசே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நூலில் ஈடுபட்டு, அது அச்சேறுவதற்கு உதவி புரிந்தார். அவ்வாறு 1861-ஆம் ஆண்டில் நந்தன் சரித்திரக் கீர்த்தனை வெளிவந்தது. தமிழ்நாட்டுச் சேரி ஒன்றின் கதையை அந்தணர் ஒருவர் பாட, அயல்நாட்டவர் ஒருவர் அச்சேற்ற உதவினர் என்பது எண்ணி மகிழ்தற்குரியது.

நூலுக்குச் சிறப்புப்பாயிரம் பெறுதல் அக்கால வழக்கம். பாரதியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அணுகினார். பிள்ளையவர்களுக்கு இந்நூலில் இரண்டு குறைகள் தோன்றின. சேக்கிழார் கூறாத செய்திகள் கதையில் நுழைந்தமை ஒன்று. இலக்கண வழுக்கள் பாட்டில் மலிந்தமை மற்றொன்று. ஆதலால் அவர் பாயிரம் தர மனங்கொள்ளாது நாள் கடத்தினார். பாரதியாரோ சலியாது பன்முறை சென்று காத்திருந்தார். ஒருநாள் பிள்ளையவர்கள் பகலில் ஓய்வு கொண்டிருந்த வேளையில், பாரதியார் வெளியே திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனை ஒன்றைத் தமக்குள்ளே பாடத் தொடங்கினார். பாட்டு வளர்ந்தது. உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பெரும்புலவருக்கு வழுக்கள் மறந்தன. நந்தனுடைய ஏக்கம் ஒன்றே நெஞ்சில் நின்றது. கண்ணீர் மல்க வெளியே வந்து, தாம் காலந்தாழ்த்தமைக்கு வருந்திப் பாயிரம் அளித்தார் என்பர். இலக்கணம் அறிந்தவரின் தீர்ப்பை இசை மாற்றியது என்று மட்டும் இதற்குப் பொருள் கொள்ளுதல் போதாது. தம் தீர்ப்பைத் தாமே மாற்றிக்கொள்ளும் பெருமை பிள்ளையவர்களுக்கு இருந்தது என்பதும் நாம் போற்றற்குரியது.

மாயூரத்துப் பெரியோர்

அந்நாளில் மாயூரம் கலைஞர் பலர் கூடிய ஊராக விளங்கிற்று. ஆங்கு முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, கிறிஸ்தவராயினும் எல்லாச் சமயத்தாரும் ஒருங்கே பாடத்தக்க கீர்த்தனைகளை இயற்றியவர். 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் என்னும் தமிழின் முதல் நாவலுக்கு ஆசிரியர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் அவர் தம் கைப்பொருளை வாரி வழங்கி ஏழைகளுக்கு உணவளித்தார். அவ்வண்மையைக் கண்ட பாரதியார், அவரைப் புகழ்ந்து கீர்த்தனை ஒன்று பாடினார். கூத்தப்பெருமானையும் அவன் அடியாரையுமே பாடிவந்த நாவினர், பசித்தோருக்குச் சோறிட்ட கிறிஸ்தவ அன்பர் ஒருவரையும் பாடினர் என்பது அவருடைய உள்ளத்தின் அகலத்தைக் காட்டும்.

1871-ஆம் ஆண்டில் பிள்ளையவர்களிடம் தமிழ் பயில மாயூரத்துக்கு வந்த இளைஞர் ஒருவர் பாரதியாரிடமும் சிலகாலம் இசை பயின்றார். அவரே பிற்காலத்து மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள். அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர், கனம் கிருஷ்ணையரிடம் இசை கற்றவராதலின் பாரதியாரின் அருமையை நன்கறிந்திருந்தனர். ஆயினும் இசையில் மனஞ்சென்றால் இலக்கணத்திற் கருத்து ஊன்றாது என்பது பிள்ளையவர்களின் கொள்கை. ஆசிரியரின் விருப்பமின்மையை உணர்ந்த மாணவர் இசைப்பயிற்சியை நிறுத்திக்கொண்டார். நிறுத்தினரேனும் மறந்தாரல்லர். சங்க நூல்களைத் தேடித் தொகுத்து அச்சிட்ட அப்பெரியாரே, முதுமையிற் பாரதியாரின் வரலாற்றையும் திரட்டி எழுதிவைத்தார். அவர் அங்ஙனம் செய்திராவிடின், மேற்கூறிய செய்திகளுட் பல நமக்கு எட்டாமலே போயிருக்கும்.

பாரதியார் இயற்பகை நாயனார், திருநீலகண்ட நாயனார், காரைக்காலம்மையார் ஆகியோரின் சரித்திரங்களையும் கீர்த்தனைகளாகப் பாடினார். தனிக் கீர்த்தனைகளும் பல இயற்றினார். பொருளீட்டுதலை விரும்பாது, முதுமை வரை எளிய வாழ்வே வாழ்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இறைவனடி சேர்ந்தார்.

பாட்டுக்களின் பிற்கால வரலாறு

பாடியவர் மறைந்தபின் அவர் பாட்டுக்கள் பலர் கைக்குச் சென்றன. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியவற்றைத் தெரிந்துகொண்டனர். தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் மராட்டிய முறையைத் தழுவிய காலட்சேபத்தில் நந்தன் சரித்திரத்தை அமைத்து ஊரெங்கும் பரப்பினார். சுப்பிரமணிய பாரதியார், வேதியர் நந்தனை வைது பாடும் பாட்டின் மெட்டையே எடுத்து, சுயராச்சியம் கேட்ட இந்தியனை ஆங்கில உத்தியோகஸ்தன் ஏளனம் செய்வதாகப் பாடினார். ஆண்டையின் குரலும் அயலாட்சியின் குரலும் ஒன்றே என்பதை அந்த மெட்டு ஒன்றே கேட்போருக்கு உணர்த்தியது.

திரைப்படம் வந்தபின் நந்தனார் கதை பன்முறை படமாயிற்று. 1935-இல் வெளிவந்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்தனர். 1942-இல் ஜெமினி நிறுவனத்தார் எடுத்த நந்தனார் படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராகத் தோன்றிப் பாடினார். பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் அப்படத்துக்குப் புதுப்பாட்டுக்கள் எழுதினர். அந்நிறுவனத்தின் படநிலையம் தேனாம்பேட்டையை அடுத்து, மவுண்ட் ரோடும் கதீட்ரல் ரோடும் கூடுமிடத்தில் இருந்தது. இன்று அந்நிலையம் இல்லை. 1973-இல் அங்கு எழுந்த மேம்பாலத்தை மட்டும் மக்கள் ஜெமினி மேம்பாலம் என்றே வழங்குகின்றனர். அப்பாலத்தின் வழியே நாள்தோறும் செல்லும் நம் மாணவர்கள், தஞ்சை நாட்டுப் பண்ணையாள் ஒருவனின் கதை அவ்விடத்திலிருந்து புறப்பட்டுத் தமிழ்நாடு முழுதும் சென்றது என்பதை நினைவிற் கொள்வாராக.

1941-இல் அண்ணாமலைநகரில் நடந்த மாநாட்டிலும், 1943-இல் சென்னையில் நிறுவப்பெற்ற தமிழ் இசைச் சங்கத்தாலும் தமிழிசை இயக்கம் வலுப்பெற்றது. அதன் பயனாகப் பாரதியாரின் கீர்த்தனைகள் கச்சேரி மேடையில் உறுதியான இடம் பெற்றன. ஆனால் மேடை எவற்றைத் தெரிந்துகொண்டது? திருப்புன்கூரில் வழியை மறைத்து நிற்கும் நந்தியைக் கண்டு நந்தன் புலம்பும் நாட்டைக்குறிஞ்சிப் பாட்டு. நந்தியை விலகியிருக்குமாறு இறைவன் பணிக்கும் பூர்விகல்யாணிப் பாட்டு. தில்லையின் எல்லையில் நின்று உள்ளே வரலாகுமோ என்று ஏங்கும் மாஞ்சிப் பாட்டு. இவையாவும் அரியன, இசைவளம் நிறைந்தன. ஆயினும் இவற்றில் அழுகின்றவனை மட்டுமே காண்கின்றோம். அவனை அழச்செய்தவரைக் காண்கிலோம். வேதியரின் வசைகளும், நாற்பது வேலிக் கட்டளையும், சேரி முதியவர்களின் வழக்கும் மேடையேறுதல் அரிது. அவை விடுபடவே, தடுத்து நிறுத்தப்பட்ட ஒருவனின் கதை, தானே தயங்கி நின்ற ஒருவனின் கதையாகி விடுகின்றது. பாரதியார் சேக்கிழாரினின்றும் விலகிச்சென்ற இடமே நம் செவிக்கு எட்டாது ஒழிகின்றது.

நூலின் முடிவில் நந்தன் தீயில் மூழ்கி வேதிய முனிவனாய் எழுந்த பின்னரே கோயிலுட் புகுகின்றான். அவன் இருந்த உருவிலேயே ஏன் புகலாகாது என்னும் வினாவை இக்காலத்தார் எழுப்புதல் முறையே. பாரதியார் தம் காலத்தின் எல்லையை இவ்விடத்திற் கடந்திலர். ஆனால் அவ்வெல்லை வரையேனும் அவர் வந்தார் என்பதை அறிய, ஆண்டை அடியாளின் அடியில் விழும் பகுதியையும் நாம் கேட்டல் வேண்டும்.

முடிவுரை

அன்பர்காள்! பாரதியாரின் பாட்டுக்களுள் தமக்கென ஒரு கோவை செய்துகொள்ள விரும்புவோருக்கு ஒரு வரிசையைக் கூறுகின்றோம். முதலில், அவருடைய இசைத்திறம் விளங்க, ஆபோகித் தனிக் கீர்த்தனையை வைத்துக்கொள்க. அடுத்துச் சேரி முதியவர்களின் பாட்டு ஒன்று. பின்னர்த் திருப்புன்கூர்ப் பாட்டுக்கள் இரண்டும் அடுத்தடுத்து வருக. ஒன்று வினா, மற்றொன்று விடை. அதன்பின் நந்தன் விடைகேட்டுக் கெஞ்சும் பாட்டும் வேதியர் வைது துரத்தும் பாட்டும் சேர்ந்தே நிற்க வேண்டும். ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கொள்ளுதல் கூடாது. தொடர்ந்து நிலம் விளைந்த அதிசயமும் வேதியரின் வணக்கமும் வருக. இறுதியில் மாஞ்சிப் பாட்டு அமைக. முன்னுள்ளவற்றைக் கேட்ட செவிக்கு, அம்மாஞ்சியின் ஏக்கம் வேறொரு பொருளோடு ஒலிக்கும். வேதியரின் பாட்டைப் பாடியவர் கிடைத்திலராயின், நூலகத்திலிருந்து நூலை எடுத்து அப்பகுதியை ஒருமுறை உரக்கப் படித்தேனும் மேலே செல்க.

வித்துவான்களின் வரிசையிலும் புலவர்களின் வரிசையிலும் இடமின்றிப் புறத்தே நின்ற ஒருவர், கோயிலின் புறத்தே நின்ற ஒருவனைப் பாடினார். அவர் பாடியதில் நமக்கு இனியதை மட்டும் எடுத்துக்கொண்டு, இன்னாததைப் புறத்தே நிறுத்துவது அவருக்கு நாம் செய்யும் நன்றியாகாது. இரண்டையும் ஒருங்கே கேட்பாருக்கு நந்தனும் முழுமையாக விளங்குவான். பாரதியாரும் முழுமையாக விளங்குவர்.